மீன் தொட்டி பல்பில் 6500, 10000 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

பல்பு வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 9 வாட், 900 லூமன், 6500 கே, சிஆர்ஐ 80 என்று நாலு எண்கள் இருக்கும். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் தடுக்கி விழுவது மூன்றாவது எண்ணில்தான். 10000 கே என்றால் வெளிச்சம் கூடுதல் என்று நினைத்து, காசும் கூடக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். கே என்பது கெல்வின். அது வெளிச்சத்தின் நிறத்தை மட்டும்தான் சொல்லும். வெளிச்சம் எவ்வளவு என்பதை லூமன் சொல்லும். வாட் கரன்ட் பில்லுக்கு. சிஆர்ஐ, அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதற்கு.

கொல்லுப்பட்டறையில் இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். கெல்வின் கணக்கு இந்த வரிசையில்தான் போகிறது. எண் ஏற ஏற நீலம் கூடும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் கிளம்பும் நேரத்து ஆரஞ்சு வெளிச்சம் சுமார் 2000. உச்சி வெயில் 5500 பக்கம். மப்பு போட்ட வானம் 6500-இல் இருந்து 7000. வெயில் படாமல் நீல வானம் மட்டும் தெரியும் நிழலில் 10000-ஐயும் தாண்டும். இதில் ஒரு வேடிக்கை: ‘வார்ம்’ என்று விற்கிற மஞ்சள் பல்புக்குத்தான் எண் குறைவு, 2700 அல்லது 3000.

முதல் வேலை: நிறத்தை முடிவு செய்வது

நன்னீர் மீனும் செடியும் என்றால் 6500 போதும். சாதாரண எலெக்ட்ரிக்கல் கடையில் ‘கூல் டேலைட்’ என்று கேட்டால் கொடுப்பது இதுதான். 3000 போட்டாலும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்னேரியா எல்லாம் வளரும். ஆனால் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி தெரியும். 10000 போட்டால் வெள்ளி நிற மீன்கள் பளிச்சென்று இருக்கும், சிவப்பு மீன்கள் வெளிறிப்போகும்.

14000, 20000 எல்லாம் கடல்நீர்த் தொட்டிக்கு, அதுவும் பவளம் வளர்ப்பவர்களுக்கு. கடல் நீரில் ஆழம் போகப் போக சிவப்பு முதலில் மறைந்து நீலம்தான் மிஞ்சும். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய உயிர்கள் அவை. ஒரு அடி ஆழத் தொட்டியில் கோல்டு ஃபிஷ் வளர்ப்பவருக்கு அது எதற்கு?

சிஆர்ஐ 80-க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம். ஃபைட்டர் மீனின் சிவப்பு உள்ளபடி தெரிய 90 இருந்தால் நல்லது. பழைய டியூப் லைட்டில் சிஆர்ஐ, நிறம் இரண்டையும் மூன்று இலக்கத்தில் சுருக்கி அச்சடித்திருப்பார்கள்: 865 என்றால் சிஆர்ஐ 80-களில், நிறம் 6500. 765 என்றால் நிறம் அதேதான், சிஆர்ஐ ஒரு படி கீழே.

இரண்டாவது: அளவுக் கணக்கு

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி 60 × 30 × 30 செ.மீ., அதாவது 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே சொன்ன சுலபமான செடிகளுக்கு லிட்டருக்கு 20 லூமன் வைத்தால் 900 லூமன். 2 அடி 10 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு) ஒன்று சரியாக இருக்கும். உருண்டை பல்பு மாட்டினால் வெளிச்சம் பக்கவாட்டிலும் சிதறும். மேலே ஷேடு வைத்துக் கீழே திருப்ப வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடைத்தால் சூட்டில் டிரைவர், அதாவது பல்புக்குள் இருக்கும் மின்சுற்று, சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது: மாட்டுவது

விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடி மூடி கட்டாயம். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கடலூர், புதுச்சேரி உப்புக்காற்றில் ஹோல்டர் பித்தளை சீக்கிரம் பச்சை பூக்கும், கிளிப் துருப்பிடிக்கும். விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றும் முன், பிளக்கைக் கழற்றிவிட்டு ஹோல்டரைப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருப்பது உண்மையா?

இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பல்புக்குக் கீழே வெள்ளைத் தாள் வையுங்கள். போன் கேமராவில் புரோ மோடு போய் ஒயிட் பேலன்ஸை 6500-இல் நிறுத்துங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சரி. நீலம் தட்டினால் பல்பின் எண் அதைவிட அதிகம், மஞ்சள் தட்டினால் குறைவு. ஆர்ஜிபி கலர் விளக்குகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். சிவப்பும் நீலமும் கலந்த அந்த ஊதா வெளிச்சத்தைக் கெல்வினில் சொல்ல முடியாது.

பாசி வந்தால்

உடனே 6500-ஐக் குறை சொல்லி வேறு நிறம் தேடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி நேரம்தான்: காலையில் போட்ட விளக்கு ராத்திரி படுக்கும்வரை எரிந்திருக்கும், அல்லது கிழக்கு ஜன்னல் வெயில் நேராக விழுந்திருக்கும். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம், செடி வேர் பிடித்தபின் 8. டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராகப் பாருங்கள். திருகும் டைமர் கரன்ட் போனதும் நின்றுவிடும். 3 மணி நேரம் கட் ஆனால், மாலை 6 மணிக்கு அணைய வேண்டிய விளக்கு ராத்திரி 9-க்குத்தான் அணையும், மறுநாளும் அப்படியே. புயல் காலத்தில் கரன்ட் வந்ததும் முதலில் அதைத் திருத்துங்கள்.