ஸ்பிரிங் மெத்தை வாங்கும்முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகள் கிடந்த ஸ்பிரிங் மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்தபோது, சுருள்கள் தளர்ந்துவிட்டன என்றே எண்ணினோம். தூக்கிப் போடுவதற்குமுன் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். சுருள்கள் நிமிர்ந்தே நின்றன. கையால் அழுத்தி விட்டால் துள்ளி எழுந்தன. மேலிருந்த மஞ்சள் நுரைதான் அப்பளம்போல் ஒட்டிப்போய், விரலால் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: பெரும்பாலும் சுருளுக்கு முன்பே நுரை செத்துவிடும், ஆகவே சுருளைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு நுரையைப் பற்றியும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

கடைகளில் பெரும்பாலும் இரு வகைச் சுருள்கள் கிடைக்கின்றன. போனல் என்னும் வகையில், உடுக்கைபோல் இடை சிறுத்த சுருள்கள் மெல்லிய கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். விலை குறைவு, நன்றாக உழைக்கும், ஆனால் ஒருவர் புரண்டால் அந்த அசைவு பக்கத்தில் படுத்திருப்பவரையும் எட்டும். பாக்கெட் வகையில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருப்பதால், அழுத்தம் விழும் இடம் மட்டுமே அமிழும். இருவர் படுக்கும் கட்டிலுக்கு, அதிலும் குழந்தைக்காக இரவில் ஒருவர் எழுந்து எழுந்து படுக்கும் வீட்டில், கூடுதல் பணம் கொடுத்துப் பாக்கெட் வகையை வாங்குவதே தகும். எப்போதாவது பயன்படும் விருந்தினர் அறைக்குப் போனலே போதும்.

சுருள்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 6 செ.மீ. விட்டமுள்ள பாக்கெட் சுருள்கள் 78க்கு 60 அங்குல மெத்தையில் ஏறத்தாழ 800 அடங்கும். போனல் சுருள் அகலமானது என்பதால் அதே அளவில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். ஒரே வகையை, ஒரே அளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் கேளுங்கள். கேஜ் கணக்கில் சொன்னால், எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 14 கேஜ் கம்பி சுமார் 2 மி.மீ. கனமுடையது.

இனி நுரைக்கு வருவோம். கடைக்காரர் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்று சொல்வது, ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ எடையுள்ளது என்பதையே குறிக்கும். இதைப் பலரும் கடினத்தின் அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மென்மையான நுரையும் அடர்த்தி மிக்கதாக இருக்க முடியும். விரைவில் அமுங்கிப் போகாமல் இருப்பதற்கு உதவுவது அந்த அடர்த்திதான். நாள்தோறும் படுக்கும் மெத்தையின் மேலடுக்கில் 32க்குக் குறைந்த நுரையை நான் வாங்கமாட்டேன். நுரைக்கும் சுருளுக்கும் நடுவே அழுத்திய பஞ்சுத் தகடோ தேங்காய்நார்த் தகடோ இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் நுரை சுருள்களின் இடைவெளிக்குள் இறங்கி, சில மாதங்களிலேயே கம்பி முதுகில் தட்டுப்படத் தொடங்கும். பல கடைகளில் மெத்தையைக் குறுக்கே வெட்டிய மாதிரித் துண்டு வைத்திருப்பார்கள்; அதைக் கேட்டு வாங்கி, ஒவ்வோர் அடுக்கையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

முதுகுவலிக்குக் கல்போன்ற மெத்தைதான் நல்லது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தப்பட்டு, 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ‘ஆர்த்தோ’ என்று உறையில் அச்சிட்டிருப்பது மருத்துவச் சான்று ஆகாது. கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாக உறங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். நுழையவே இடமில்லாமல் இடுப்பு புதைந்தால் மிக மென்மை. பிறகு விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். சரிந்து வழுக்கினால் ஓரத்துக்குப் போதிய தாங்கல் கொடுக்கவில்லை என்று பொருள்.

உத்தரவாத அட்டையில் ஆண்டுக் கணக்கைவிட, எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியே முக்கியம். கட்டில் பலகைகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், மெத்தை வருமுன் ஒட்டுப்பலகை போட்டுவிடுங்கள். மெத்தை வந்ததும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தாளை முழுவதுமாக உரித்துவிடுங்கள். அழுக்குப் படாமல் இருக்கட்டுமென்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, நல்ல கம்பியும் துருப்பிடித்துப் போகும்.