மேற்குப் பார்த்த படுக்கையறைக்கு நிறம் தேர்வு

நீலம் மனதை அமைதிப்படுத்தும், சிவப்பு உசுப்பேற்றும் என்பதெல்லாம் பாதிதான் சரி. நிறத்தின் பெயரை விட அதன் அடர்த்தியும் வெளிச்சமும்தான் மனநிலையை அதிகம் பாதிக்கின்றன. கண்ணைப் பறிக்கும் நீலம் தூங்க விடாது. சாம்பல் கலந்த மங்கலான செம்மண் நிறம் இதமாகவே இருக்கும்.

மேற்கு அறையில் மாலை வெயில் மஞ்சளாக விழும். ஏற்கெனவே மஞ்சள், ஆரஞ்சு அடித்திருந்தால் நாலு மணிக்கு அறையே கொதிப்பதுபோல் தோன்றும். சாம்பல் கலந்த பச்சை அல்லது வெளிர் நீலம் அதைச் சமன்செய்யும்.

பெயிண்ட் கடையில் காட்டும் ஷேட் கார்டை (நிற மாதிரி அட்டை) மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் பிரதிபலிப்பதால், கார்டில் பார்த்ததை விட அடர்த்தியாகத் தெரியும். பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதையே எடுங்கள். சின்ன டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். ஜன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்து, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். பழைய சுவரிலேயே நேராக அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றும்.

இரவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 6500 கெல்வின் (பல்பு ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள்) வெள்ளை எல்இடியில் வெளிர் நீலம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும். படுக்கையறைக்கு 2700 முதல் 3000 கெல்வின் பல்பு போதும். அதைப் பொருத்திவிட்டே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

கூரைக்கு வெள்ளை. அடர்நிறம் வேண்டுமானால் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும். படுத்தால் அது கண்ணில் படாது.