உருளைக்கிழங்கு: செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி?

நீலகிரியில் உருளை போடுபவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி, பாருக்குப் பார் (கிழங்கு நட மண்ணை மேடாக்கிய வரிசை) 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. கணக்குப் போட்டால் ஏக்கருக்குச் சுமார் 45,000 செடிகள். செடி இடைவெளியை மட்டும் 30 செ.மீ. ஆக்கினால் 30,000தான் நிற்கும்.

நெருக்கி நட்டால் செடிக்குச் செடி போட்டி. ஒவ்வொன்றிலும் கிழங்கு குறையும், அளவும் சிறுக்கும். ஆனால் செடிகள் அதிகம் என்பதால் ஏக்கரின் மொத்த எடை ஓரளவு வரை கூடும். தள்ளி நட்டால் கிழங்கு பெரிதாகும், மொத்த எடை குறையும். அதிகப் பருமனானால் சில ரகங்களில் உள்ளே பொந்தும் விழும். எனவே விதைக்கிழங்குக்காக வளர்த்தால் நெருக்கம், சந்தைக்கு என்றால் கொஞ்சம் தாராளம்.

அப்புறம், நடும் விதைக்கிழங்கின் அளவையும் பாருங்கள். பெரிய விதையில் முளை அதிகம், தண்டும் அதிகம். ஆகவே அதற்கு இடமும் கூடுதலாக வேண்டும்.

ஒன்றை மறக்கவே கூடாது. பாரை மிகவும் ஒடுக்கினால் கிழங்கை மூடிச் செடியடியில் அணைக்க மண் போதாது. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகி, சாப்பிட உதவாமல் போய்விடும். செடி இடைவெளியைக் குறைத்தாலும், பார் இடைவெளியில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.