ரேடார் டிடெக்டர் வாங்கும் முன்: நம்மவர்கள் செய்யும் தவறுகள்

நியூ ஜெர்சியில் புதிதாக வண்டி வாங்கிய யாராவது ஒருவர் அடிக்கடி என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்: "ரேடார் டிடெக்டர் மாட்டலாமாண்ணே? உங்ககிட்ட ஒண்ணு இருக்காமே?"

இருக்கிறது. போலீசின் வேகம் அளக்கும் ரேடார் அலை வந்தால் கத்தி எச்சரிக்கும் பெட்டி, 150 டாலர் கொடுத்து வாங்கியது. இப்போது கராஜில் ஓர் அட்டைப்பெட்டிக்குள், பழைய ஜிபிஎஸ் கருவிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஆபீஸ், மளிகைக் கடை, பிள்ளைகளின் பாட்டு வகுப்பு என்று தினமும் ஓடுகிற வண்டிக்கு அது வேண்டாம் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வாங்கியே தீருவேன் என்பவர்கள், நானும் என் நண்பர்களும் செய்த தவறுகளையாவது செய்யாமல் இருக்கலாம்.

டிடெக்டர் இருந்தால் போலீஸ் பிடிக்க முடியாது என்று நம்புவது

டிடெக்டர் யாரையும் தடுக்காது. அது ஒரு ரேடியோப் பெட்டி, காதை மட்டும் தீட்டி வைத்திருக்கும். போலீஸ் கையில் இருக்கும் ஸ்பீட் கன் நுண்ணலைகளை அனுப்புகிறது. அவை நம் வண்டியில் மோதித் திரும்பும்போது அதிர்வெண் சற்றே மாறியிருக்கும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து அது வேகத்தைக் கணக்குப் போடுகிறது. பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான்.

மலையைப் பார்த்து ஒருவர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடியில் நிற்கிறவருக்கு அந்தக் குரல் கேட்டுவிடும். கூப்பிட்டவருக்கு எதிரொலி திரும்பி வந்தால்தான் உண்டு. ரேடாரிலும் அப்படித்தான். அலை நம்மிடம் வந்து சேர்ந்தாலே டிடெக்டருக்குப் போதும், போலீஸ் கருவிக்கோ அது திரும்பியும் போக வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் டிடெக்டர் வியாபாரமே நடக்கிறது. 1974-இல் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு வந்ததும் அந்த வியாபாரம் சூடு பிடித்தது. 1978-இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் எஸ்கார்ட் என்ற கருவியை விற்கத் தொடங்கியது. அன்றைக்கு போலீஸ் வண்டிகள் ரேடாரை ஓயாமல் இயக்கிக்கொண்டே நிற்பது சகஜம். மேட்டுக்கு அந்தப் பக்கம் போலீஸ் நின்றாலும் இந்தப் பக்கமே பெட்டி கத்திவிடும்.

இன்றைக்கு அவர்களும் விவரமானவர்கள். ரேடாரை அணைத்து வைத்துவிட்டு, வண்டி கண்ணில் பட்டதும் பொத்தானை அமுக்குகிறார்கள். ஓரிரு விநாடியில் வேகம் திரையில் வந்துவிடும். நம் பெட்டி அலறுவதும் அதே விநாடியில்தான். நமக்கு முன்னால் போன வண்டியை அவர் அளந்திருந்தால் அந்தச் சிதறல் நமக்கு எட்டும், தப்பிக்கலாம். காலி ரோட்டில் முதல் ஆளாக நாம் போனால், கிடைக்கப்போகும் டிக்கெட்டை முன்கூட்டி அறிவிக்கும் வேலையைத்தான் டிடெக்டர் செய்யும்.

ரேடியோ அலைக்குப் பதில் ஒளிக்கதிரால் வேகத்தை அளக்கும் லேசர் கன் இன்னும் மோசம். 1000 அடி தூரத்தில் அந்தக் கதிரின் அகலம் ஏறக்குறைய 3 அடிதான். நம் நம்பர் பிளேட்டைக் குறிவைத்து அடித்தால் பக்கத்து லேன் வண்டிக்கே தெரியாது. என் நண்பர் ஒருவர் விலை உயர்ந்த டிடெக்டரோடு போய் லேசரில் மாட்டினார். "லேசர், லேசர் என்று அழகான குரலில் சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் போலீஸ்காரர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

சரி, அந்த அலையையே குழப்பிவிடும் ஜாமர் வாங்கலாமே என்று சிலர் தேடுகிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ரேடார் ஜாமர் அமெரிக்கா முழுவதும் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

மலிவாக வாங்குவது

நான் செய்தது இதைத்தான். போலீஸ் ரேடார்கள் எக்ஸ், கே, கேஏ என்று மூன்று பேண்டுகளில், அதாவது அலைவரிசைப் பிரிவுகளில், வேலை செய்கின்றன. இதில் 24 கிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள கே பேண்டில் போலீஸ் மட்டும் இல்லை. கடைகளின் தானியங்கிக் கதவுகள் அங்கேதான் இருக்கின்றன. ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் பிளைண்ட் ஸ்பாட் சென்சார்களில் பலவும் அங்கேதான்.

எடிசனில் ஓக் ட்ரீ ரோடு தெரியும் அல்லவா? சனிக்கிழமை காலையில் கறிவேப்பிலை வாங்கப் போனால் கடைக்குக் கடை அலறியது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய எஸ்யூவி பக்கத்திலேயே வந்தது. அதன் சென்சாரைப் பார்த்து 20 மைல் தூரம் விடாமல் கீச்சிட்டது. முதல் வாரம் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இரண்டாவது வாரம் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் என் மனைவி, "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார். பொய்ச் சத்தங்களை வடிகட்டும் நல்ல கருவிகள் உண்டு. ஆனால் அவற்றுக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

சத்தம் கேட்டதும் பிரேக்கை அழுத்துவது தனி ஆபத்து. பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு நம் பெட்டி கத்தியது தெரியாது.

கணக்குப் பார்க்காமல் இருப்பது

ஆபீஸ் 30 மைல் தூரம். 65 மைல் வேகத்தில் போனால் சுமார் 27 நிமிடம் 40 விநாடி. 75-இல் போனால் 24 நிமிடம். மிச்சம் 3 நிமிடம் 40 விநாடி, அதுவும் வழியில் டிராஃபிக்கே இல்லாவிட்டால். காலை 8 மணிக்கு டர்ன்பைக் நெடுஞ்சாலையில் 75-இல் போக எங்கே இடம் இருக்கிறது, அது வேறு கதை.

மாட்டினால்? நியூ ஜெர்சியில் வரம்பை 14 மைல் வரை மீறினால் லைசென்சில் 2 தண்டனைப் பாயிண்ட் ஏறும், 15 முதல் 29 மைல் வரை என்றால் 4 பாயிண்ட். மூன்று வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் அபராதம் போக 150 டாலர் கூடுதல் கட்டணம். இன்சூரன்ஸ்காரர் ஏற்றுவது தனி.

மாநில எல்லையை மறந்துவிடுவது

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து மூன்றிலும் சாதாரணக் காரில் டிடெக்டர் வைத்துக்கொள்ளலாம். மேரிலாந்தில் லான்ஹம் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போகிறோம், சாமி கும்பிடுகிறோம், கேன்டீனில் தோசை சாப்பிடுகிறோம். அப்புறம், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வெள்ளை மாளிகையையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்று கிளம்புகிறோம். அரை மணி நேரத்துக்குள் வாஷிங்டன் டி.சி. எல்லைக்குள் வந்துவிடுகிறோம். அங்கே டிடெக்டர் சட்டவிரோதம். ஆற்றைத் தாண்டினால் வர்ஜீனியா, அங்கேயும் தடை.

வர்ஜீனியாவில் டிடெக்டரைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வரம்புக்கு மேல் 20 மைல் போனாலோ, வரம்பு எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலோ அது சாதாரண டிராஃபிக் டிக்கெட் இல்லை, குற்றவியல் வழக்கு. 12 மாதம் வரை சிறை, 2500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்று கிரீன் கார்டு விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது. 150 டாலர் பெட்டியை நம்பி அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதும் நிலைக்குப் போக வேண்டாம்.

பென்சில்வேனியாவில் கூத்து வேறு மாதிரி. அங்கே டிடெக்டர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்ப் போலீசுக்கு ரேடார் உரிமை கிடையாது, மாநிலப் போலீசுக்கு மட்டும்தான். அதனால் சின்ன ஊர்களில் ரோட்டில் வெள்ளைக் கோடுகள் போட்டு, ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு வண்டி எத்தனை விநாடியில் வருகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அலையே இல்லாத இடத்தில் பெட்டி எதைக் கேட்டுக் கத்தும்?

மாட்டும் இடம்

கப் ஹோல்டரில் போட்டுவைத்தால் பாதி அலை வராது. ரோடு தெரியும்படி, முன்கண்ணாடியின் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். ஆனால் கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் விண்ட்ஷீல்டில் எதையும் ஒட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வெயில் சூட்டைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் அலையே உள்ளே நுழையாது. உங்கள் வண்டியில் சுங்கக் கட்டணத்துக்கான ஈசி-பாஸை ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் ஒட்டச் சொல்லியிருக்கிறார்களா? காரணம் இதுவாகத்தான் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது கழற்றி வையுங்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துப் போக ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் இது பயன்படும்? வாரா வாரம் ராத்திரியில் பிட்ஸ்பர்க் வரை 300 மைலுக்கு மேல் ஓட்டிப் போகிற கன்சல்டன்ட் நண்பருக்கு ஓரளவு பயன்படுகிறது. அவரிடம் இருப்பது விலை கூடிய கருவி. அதோடு போனில் வழிகாட்டும் வேஸ் ஆப்பையும் போட்டுவைத்திருக்கிறார். எந்தக் கருவி அதிகம் காப்பாற்றியது என்று கேட்டேன். யோசிக்காமல் வேஸ் என்றார். முன்னால் போனவர்கள் போலீஸ் நிற்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதால் ரேடார், லேசர், வெள்ளைக் கோடு என்ற பேதம் அதற்கு இல்லை. காசும் இல்லை. போனை ஸ்டாண்டில் வைத்தால் போதும், கையில் எடுத்தால் அதற்குத் தனி டிக்கெட்.

கடைசியாக, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்கார்பரோவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு. வர்ஜீனியாவில் டிடெக்டருக்கு மின் இணைப்பு இல்லாமல், ஓட்டுபவர் கைக்கும் உடன் வருபவர் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிட்டால் சட்டம் விட்டுவிடும். டிக்கியில் போட்டுப் போகலாம். ஒன்டாரியோவில் அந்தச் சலுகை கிடையாது. அணைத்து டிக்கியில் வைத்திருந்தாலும் வண்டிக்குள் இருப்பதே குற்றம். சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே வண்டியைச் சோதித்துப் பெட்டியைப் பறிமுதல் செய்வார்கள், 1000 டாலர் வரை அபராதமும் உண்டு. நயாகரா பாலம் ஏறுவதற்கு முன்பு நினைவு வந்து பயனில்லை. வீட்டில் பெட்டி கட்டும்போதே அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.