பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி 3.0 போர்ட் சேர்ப்பது எப்படி?

2012-ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய பெரும்பாலான டெஸ்க்டாப் கணினிகளில் யூஎஸ்பி 2.0 போர்ட்டுகள் மட்டுமே இருக்கும். இன்டெல் தன் சிப்செட்டிலேயே (கணினியின் பாகங்களை ஒருங்கிணைக்கும் சிப்) யூஎஸ்பி 3.0-ஐச் சேர்த்தது அந்த ஆண்டில்தான். யூஎஸ்பி 2.0-இன் வேகம் ஏட்டளவில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட் என்றாலும், நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரைதான் கிடைக்கும். 64 ஜிபி மெமரி கார்டு நிறையக் கல்யாண வீடியோ இருந்தால், அதைக் கணினிக்கு மாற்றவே ஏறத்தாழ அரை மணி நேரம் பிடிக்கும். கார்டு நொடிக்கு 90 மெகாபைட் தரக்கூடியதாக இருந்து, அதை யூஎஸ்பி 3.0 ரீடரில் செருகினால் அதே வேலை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்காகக் கணினியை மாற்ற வேண்டியதில்லை. புதிய போர்ட்டுகளோடு வரும், உள்ளே செருகக்கூடிய ஒரு விரிவாக்கக் கார்டு போதும். ஆனால் எந்தக் கார்டு பொருந்தும் என்பது கேபினட்டின் உள்ளே இருப்பதைப் பொறுத்தது என்பதால், கடைக்குக் கிளம்புமுன் அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

அதற்கும் முன்பாக, விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, யூஎஸ்பி கண்ட்ரோலர்களின் பட்டியலில் 'எக்ஸ்டென்சிபிள் ஹோஸ்ட் கண்ட்ரோலர்' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கணினியில் வேகமான போர்ட் ஏற்கெனவே உண்டு. அது பெரும்பாலும் பின்பக்கத்தில், நீல நிறத்தில் இருக்கும்.

முதற்படி: உள்ளே பார்த்தல்

கணினியை முழுவதுமாக அணைத்து, சுவிட்சையும் அணைத்து, பவர் கேபிளைக் கழற்றியபின் கேபினட்டின் பக்கத் தகட்டைத் திறக்கவும். மதர்போர்டின் (பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகை) கீழ்ப்பகுதியில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறிய ஸ்லாட் (கார்டு செருகும் இடம்) தெரிந்தால் அதுதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. அது இல்லையென்றால், கிராஃபிக்ஸ் கார்டு போடாமல் காலியாக இருக்கும் நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் இதே கார்டைச் செருகலாம். பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும் பழைய பிசிஐ ஸ்லாட் இதற்கு உதவாது. அதன் மொத்த வேகமே நொடிக்கு 133 மெகாபைட், அதையும் மற்றக் கார்டுகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஸ்லாட்டின் தலைமுறையும் முக்கியம். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு தடத்துக்கு (எக்ஸ்1 ஸ்லாட்டில் இருப்பது ஒரே தடம்) நொடிக்கு 250 மெகாபைட்டும், இரண்டாம் தலைமுறையில் 500 மெகாபைட்டும்தான் உச்ச வரம்பு. சாதாரண ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கு முதல் தலைமுறையே தாராளம். வெளிப்புற எஸ்எஸ்டி வைத்திருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே 10 ஜிகாபிட் என்று அச்சிட்ட விலை உயர்ந்த கார்டைப் பழைய எக்ஸ்1 ஸ்லாட்டுக்காக வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து.

அடுத்து, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கேபிள்களில் நான்கு முனை மோலெக்ஸ் அல்லது சாட்டா பவர் முனை ஒன்று மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் மட்டுமே கிடைக்கும், யூஎஸ்பிக்கு வேண்டிய 5 வோல்ட் அதில் இல்லை. ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தர வேண்டும் என்பதால், நான்கு போர்ட்டுக்கு 18 வாட் தேவைப்படும். தனி பவர் இணைப்பு இல்லாத மலிவான கார்டுகள் பென்டிரைவுக்குப் போதும், ஆனால் இரண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்துச் செருகும்போது அவை திணறி, டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படலாம். பவர் இணைப்பு உள்ள கார்டையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: வாங்குதல்

சென்னையில் இதற்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே வசதி. அலுவலகங்களிலிருந்து வந்த ஒல்லியான பழைய டெஸ்க்டாப் உங்களுடையது என்றால், 'லோ புரொஃபைல்' எனப்படும் குட்டையான தகடு கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்கவும். இல்லையேல் கார்டு உள்ளே நுழையாது. அட்டைப்பெட்டியில் யூஎஸ்பி 3.0 என்றும், 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் போட்டிருப்பது எல்லாம் ஒரே 5 ஜிகாபிட் வேகம்தான், பெயரைப் பார்த்து அதிக விலை கொடுக்காதீர்கள். கேபினட்டின் முன்பக்கத்திலும் வேகமான போர்ட் வேண்டுமென்றால், 19 முனை இணைப்பு உள்ள கார்டாகப் பார்க்கவும். விண்டோஸ் 8-இலும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் மட்டும் ரெனெசாஸ், ஏஎஸ்மீடியா போன்ற சிப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்கான டிரைவரை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: பொருத்துதல்

பவர் கேபிளைக் கழற்றிய நிலையில் கணினியின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகே கார்டைக் கையில் எடுக்கவும். பல ஆண்டுகள் திறந்தே கிடந்த ஸ்லாட்டில் தூசி அடைந்திருக்கும்; பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றின் படிவும் சேரும். மென்மையான தூரிகையால் அதைத் தட்டிவிடுங்கள்.

பிறகு ஸ்லாட்டுக்கு நேரான பின்பக்கத் தகட்டை அகற்ற வேண்டும். விலை குறைந்த கேபினட்டுகளில் அது ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியே இருக்கும். குறடால் முன்னும் பின்னும் வளைத்தால் உடைந்து வரும், அதன் விளிம்பு கையைக் கிழிக்கும், துண்டு மதர்போர்டின்மேல் விழவும் கூடாது. கார்டின் பொன்னிற முனைகளைத் தொடாமல் ஓரங்களைப் பிடித்து, இரு பக்கமும் சமமாக அழுத்திச் செருகி, ஸ்க்ரூவை முடுக்கவும். கடைசியாக பவர் முனையை இணைக்கவும். மோலெக்ஸின் ஒரு பக்க மூலைகள் சரிவாக இருப்பதைக் கவனியுங்கள். தலைகீழாகத் திணித்தால் 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து எல்லாமே கருகிவிடும்.

நான்காம் படி: சோதித்தல்

கணினியை இயக்கியதும் டிவைஸ் மேனேஜரில் புதிய கண்ட்ரோலர் தோன்ற வேண்டும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். வேகம் 35 மெகாபைட்டிலேயே நின்றால், முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். 2.0 கேபிளில் நான்கு முனைகள்தான், 3.0 கேபிளில் ஒன்பது. மெதுவாகச் செருகும்போது பழைய நான்கு முனைகள் முதலில் தொட்டு, சாதனம் 2.0 வேகத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு; கழற்றி விட்டு, ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

கீபோர்டையும் மவுஸையும் மதர்போர்டின் பழைய போர்ட்டுகளிலேயே விட்டுவிடுங்கள். பழைய பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மென்பொருள்) இந்தக் கார்டை அறியாது என்பதால், புதிய போர்ட்டில் செருகிய கீபோர்டு பயாஸ் திரையில் வேலை செய்யாமல் போகலாம், பென்டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவவும் பழைய போர்ட்டே தேவைப்படும். வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: யூஎஸ்பி 3.0 இயங்கும்போது எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுவதால், ரிசீவர் பக்கத்துப் போர்ட்டில் இருந்தால் மவுஸ் தடுமாறும். முன்பக்கப் போர்ட்டுக்கு அதை மாற்றினாலே பெரும்பாலும் போதுமானது.