திரையோடு முள்ளையும் பாருங்கள்
ஷிப்ட் மாறும்போது, பாய்லர் மேல் இருக்கும் முள் மீட்டர் காட்டும் அழுத்தத்தையும் கன்ட்ரோல் ரூம் திரையில் தெரியும் எண்ணையும் ஒரே நோட்டில் அடுத்தடுத்து எழுதிவிடுங்கள். புதுவயல், காரைக்குடிப் பக்கம் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) வைத்து ஓட்டும் அரிசி ஆலைக்காரர்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன். நெட் வழியாக அந்தக் கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவர் திரையில் பொய் எண்ணைக் காட்ட முடியும். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார கணினி நிரல், பதிவு செய்த பழைய அளவுகளைக் காட்டிக்கொண்டேதான் ஈரானில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழலும்) இயந்திரங்களைக் கெடுத்தது. ஆனால் மீட்டருக்குள் இருக்கும் வளைகுழாயை நீராவியின் அழுத்தமே தள்ளி முள்ளை நகர்த்துகிறது. அந்த முள்ளை நெட் வழியாக யாரும் நகர்த்த முடியாது. இரண்டுக்கும் எப்போதும் சின்ன வித்தியாசம் இருக்கும். அது திடீரென்று கூடினால், சென்சார் பழுதா, யாராவது கைவைத்தார்களா என்று உடனே பாருங்கள். மீட்டரும் அதே பி.எல்.சி.யிலிருந்து அளவு எடுக்கும் டிஜிட்டல் வகை என்றால் இது உதவாது. சத்தமில்லாமல் தகவலை மட்டும் திருடுபவரையும் காட்டிக்கொடுக்காது.