கொண்டாடாத வீடுகளும் உண்டு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒக்டோபர் பிறந்தால் இங்கே வரிசையாக விசேசங்கள்தான். நன்றி நவிலல் நாள், தீபாவளி, ஹலோவீன், நத்தார், பிறகு ஜனவரியில் தைப்பொங்கலோடு தமிழ் மரபுத் திங்கள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று ஆர்வத்தோடு கேட்கிறார்கள். ஆனால் அந்த விசேசத்தைக் கொண்டாடாத ஒருவரோடு எப்படி நடந்துகொள்வது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் ஒரு சின்னப்பிள்ளையின் மனதை நோகப்பண்ணினேன்.

நாங்கள் வந்து இரண்டாம் வருடம், மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். ஸ்காபரோவில் அவளுடைய வகுப்புக்கு 24 கப்கேக் கொண்டுபோனேன். கச்சான் சேராதது என்று பெட்டியில் பார்த்துத்தான் வாங்கினேன். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் பள்ளிக்கூடங்கள் அதில் மிகவும் கண்டிப்பு. பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் ஒரு சிறுமி எழுந்துபோய், ஜக்கெற் கொழுவும் இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூச்சமாக்கும் என்று நினைத்து ஒரு கப்கேக்கை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "ஒண்டே ஒண்டு, பிள்ளை" என்று கையில் திணித்தேன். அவள் அதைப் பிடிக்கவும் மாட்டாமல், விடவும் மாட்டாமல், கண் கலங்க ரீச்சரைப் பார்த்தாள்.

அவளுடைய குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தது என்று ரீச்சர் பிறகு சொன்னார். அவர்கள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. நத்தார், ஈஸ்டர், ஹலோவீனும் இல்லை. பிள்ளை அடம்பிடிக்கவில்லை, தன் வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி நின்றாள். நமக்கு "வேண்டாம்" என்பது அரைவாசி சம்மதம். விருந்தாளி மறுத்தால் இன்னொரு கரண்டி வைப்பதுதான் நம் அன்பு. இங்கே முதல் "வேண்டாம்" என்பதையே கடைசியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் வாசலில் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "விசேசம் எதுவும் இல்லாத ஒரு நாளில் கொடுங்கள், சந்தோசமாகச் சாப்பிடுவாள்" என்றார். பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் மூன்று முறுக்குச் சாப்பிட்டாள்.

இது நமக்குப் புரியாத சங்கதியே இல்லை. ஊரில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் ஆண்டுத்திவசம் முடியும்வரை அங்கே தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஏன் பொங்கவில்லை என்று யாராவது கேட்போமா? அந்தப் பக்குவத்தைத்தான் இங்கேயும் காட்டச் சொல்கிறேன்.

ஹலோவீனுக்கு ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. ஒக்டோபர் 31 இரவு வேடம் போட்டுக்கொண்டு இனிப்புக் கேட்டு வரும் பிள்ளைகள், வாசல் விளக்கு எரியும் வீட்டின் கதவை மட்டும்தான் தட்டுவார்கள். விளக்கு அணைந்திருந்தால் பேசாமல் தாண்டிப் போய்விட வேண்டும். நம் தமிழ்ப் பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பல அன்றைக்கு விளக்கை அணைத்துவிடும். முஸ்லிம் குடும்பங்களிலும் இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. நீங்களும் விரும்பாவிட்டால் அணைத்துவிடுங்கள், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

வாழ்த்துச் சொல்லும்போதும் ஒருகணம் யோசிக்க வேண்டும். யூதர்களின் யோம் கிப்பூர் பட்டினி கிடந்து பாவமன்னிப்புக் கேட்கும் நாள். அன்று போய்க் குதூகலமாக வாழ்த்துவது, நம் கத்தோலிக்கருக்குப் பெரிய வெள்ளியன்று "கொண்டாட்டம் எப்படி?" என்று கேட்பது போல. ஆனால் உங்களுக்கு யாராவது நத்தார் வாழ்த்துச் சொன்னால், நீங்கள் சைவமோ இஸ்லாமோ, நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் சமயத்துக்கு ஒரு குறையும் வராது.

இனி வேலைத்தலம். ஒன்ராறியோவில் சட்டப்படி பொது விடுமுறை 9 நாள். பெரிய வெள்ளியும் நத்தாரும் அதில் உண்டு. தீபாவளி, பொங்கல், ஈத் இல்லை. ஆனாலும் சமய நாளுக்கு லீவு கேட்கலாம். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின்படி, தங்களுக்கு மிதமிஞ்சிய சிரமம் இல்லாதவரை முதலாளிமார் இடம்கொடுத்தாக வேண்டும். சம்பளத்தோடு தர வேண்டும் என்பதில்லை. உங்கள் வருடாந்த விடுமுறையிலிருந்து ஒரு நாளைக் கழித்துக்கொள்ளலாம், ஷிஃப்டை மாற்றலாம். சில கிழமைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான்: சமயத் திருநாள் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால் அன்று வராததை மாகாணக் கல்விச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கடையில் வேலைசெய்த பெண் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்தார். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும்வரை அவர் வேலை செய்யமாட்டார். முழுநேர வேலைக்குச் சனிக்கிழமை கட்டாயம் என்றது கடை. 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இன்றைக்கு நாம் தீபாவளிக்கு லீவு கேட்க முடிவதற்கு, ஊர் உலகமெல்லாம் வேலைசெய்த சனிக்கிழமையில் மாட்டேன் என்று நின்ற அந்தப் பெண்ணும் ஒரு காரணம். ஆகவே உங்கள் பக்கத்தில் வேலைசெய்பவர் நத்தார் விருந்துக்கு வரவில்லை என்றாலோ, பரிசு மாற்றும் குலுக்கலில் பெயர் போடவில்லை என்றாலோ முகம் சுளிக்காதீர்கள்.

நாமும் ஒதுங்கி நிற்கும் நாள் ஒன்று இருக்கிறது. மே 25க்கு முந்திய திங்கள் விக்டோரியா தினம். கோடை தொடங்குகிறது என்று அந்த நீண்ட வார இறுதியில் பார்பிக்கியூவும் வாணவேடிக்கையுமாக இருக்கும். நம் முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். 2020இல் அந்தத் திங்களே மே 18 ஆக இருந்தது, 2026இலும் அப்படித்தான். ஒருமுறை என் மேற்பார்வையாளர் அன்றைக்குத் தன் வீட்டுக்கு எல்லோரையும் அழைத்தார். நான் வரமாட்டேன், முள்ளிவாய்க்காலில் செத்துப்போன எங்கள் சனத்துக்கு அன்று விளக்கேற்றிக் கஞ்சி குடிப்போம் என்றேன். கையில் கொடுத்த அழைப்பை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். என்ன கஞ்சி என்று மட்டும் கேட்டார். தண்ணீரும் அரிசியும் உப்பும் என்றேன்.

அடுத்த வருடம் விருந்துக்குத் திகதி குறிக்கும் முன் என் மேசைக்கு வந்து நாட்காட்டியைக் காட்டினார்.